தண்ணீருக்கு முந்திய சொல்

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தாத்தாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. என்னைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் இறங்குவார். குற்றாலத்துக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து ஐந்தருவிக்கு நடைதான். பலாவும் மங்குஸ்தானும் விற்கிற கடைகளைத் தாண்டி, மரங்களின் ஈரத்துக்குள்ளே நடந்த அந்தப் பாதையில்தான் எனக்கு வேதபாடம் நடந்தது.

தாத்தா உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்றவர். சிற்றூர்ச் சபைகளுக்குக் குருவானவரான ஐயர் எப்போதாவது வருவார், திருவிருந்து கொடுப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் கையில். ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அதற்கு ஆளை ஆயத்தம் பண்ணுவது மட்டும் அவர் பொறுப்பு.

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் வரிசையாகப் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். நல்லெண்ணெய் வாசமும் ஈரத்துணி வாசமும் கலந்து அடிக்கும். தண்ணீர் பிடரியில் விழுந்தால் மூச்சு நின்று திரும்பும். குளித்துவிட்டு வந்து துண்டால் தலை துவட்டக் கொடுத்தபடியே ஒருநாள் கேட்டேன்: “தாத்தா, இங்க இவ்வளவு தண்ணி கொட்டுதே, நம்ம ஐயர் ஏன் மூணு கைத்தண்ணிதான் ஊத்துதாரு?”

“தண்ணி எவ்வளவுங்கிறதுல ஒண்ணுமில்லய்யா. தண்ணிக்கு முந்தி அந்த ஆளு வாயால என்ன சொன்னாம்னு கேளு.”

பிறகு யோர்தான் கரையைப் பற்றிச் சொன்னார். யோவானிடம் வந்த சனங்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டே ஞானஸ்நானம் பெற்றார்கள். முழுகுவது பழைய மனுஷன் செத்து அடக்கமாவது, எழும்புவது கிறிஸ்துவோடு புது உயிர் பெறுவது என்று பவுல் ரோமருக்கு எழுதினார். எதைச் சாகக் கொடுக்கிறோம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு எதை அடக்கம் பண்ணுவது? தாத்தாவின் கேள்வி இது. இன்றும் எனக்கு இதைவிடச் சரியான கேள்வி கிடைக்கவில்லை.

அவருடைய ஆயத்த வகுப்பு மாசக்கணக்கில் நடக்கும். வயல் வேலை முடித்து வருகிறவர்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்துக் கற்பனையும் கர்த்தருடைய ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம் பண்ணுவார்கள். எழுத்து தெரியாதவர்கள்தான் அதிகம். மனப்பாடம் முடிந்த பிறகே உண்மையான பாடம் தொடங்கும். யாரோடாவது பகை உண்டா? யாருக்காவது கொடுக்க வேண்டியது நிற்கிறதா?

அப்படி ஒருவரைக் கேட்டபோது, அண்ணன் வயல் வரப்பைக் கொஞ்சங்கொஞ்சமாக வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டதைச் சொன்னார். தாத்தா ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்துவிட்டார். “எங்கிட்டச் சொன்னது போதாது. அண்ணங்கிட்டப் போய்ச் சொல்லும்.” அண்ணன் வேதத்துக்கு வராதவர், தம்பி வேதத்தில் சேர்வதே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வாசலில் போய் நின்று, மதினியும் பிள்ளைகளும் பார்க்க, இவர் சொன்னார். மறுநாள் வரப்பைப் பழைய இடத்தில் போட்டார்.

அந்த ஞானஸ்நானத்தை நான் பார்த்தேன். கருங்கல் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர். புது வேட்டியின் மடிப்பு இன்னும் விறைப்பாக நின்றது. ஐயர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சத்தமாகப் பதில் சொன்னார். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. கோயில் முழுக்கக் காத்திருந்தது. வெளியே, செருப்புகள் கிடந்த படியோரம், அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

பாவத்தைச் சொல்வதும் விசுவாசத்தைச் சொல்வதும் ஒரே வாயின் வேலை என்பது எங்கள் தென்பாண்டிச் சீமைக்குப் பழைய பாடம். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டவென்றே ஒரு தமிழ்ப் புத்தகத்தை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் அது ஒன்று. தஞ்சாவூர் பிராமணக் கைம்பெண் ஒருத்தி ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். அவள் குளோரிந்தா என்று பெயர் பெற்றாள். அவள் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. அந்த மறுப்பில் கொஞ்சம் கடுமை இருந்ததாகவே எனக்குப் படுகிறது. அவளுக்கு வேறு போக்கிடம் எங்கே இருந்தது? ஆனாலும் காத்திருந்தாள்.

திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. தாத்தா சி.எஸ்.ஐ.காரர்தான், ஆனாலும் இந்தக் கத்தோலிக்கர் கதையைச் சொல்லும்போது பாதையில் நின்றுவிடுவார்.

என்னோடு படித்த கத்தோலிக்கப் பையன் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருப்பது எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கைதான். அதைக் குறைவென்று சொல்லமாட்டேன். தேவனுக்கும் மனுஷனுக்கும் நடுவே ஆள் வேண்டாம் என்ற விசுவாசம் அதில் இருக்கிறது. ஆனால் வீட்டில் தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு வருகிறவனுக்காக எழுதப்பட்ட ஜெபம் அது.

பெட்ரோமாக்ஸ் வகுப்புகள் போய்விட்டன. குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் எங்கே நிற்க வேண்டும், போட்டோ எங்கிருந்து எடுக்கலாம் என்று பேசுகிற அளவுக்குக்கூட, அவர்கள் அந்தப் பிள்ளைக்காக எதற்கு ஆமென் சொல்லப்போகிறார்கள் என்று பேசுவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். பாவ அறிக்கையையும் நாம் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுகிறோம். முழங்கால்படியிட்டதும் ஐயர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் நல்லது. சபையில் யாருக்காவது அவருடைய அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வரலாம்.