தேங்காய்ப்பட்டணக் கடலில் கைத்தூண்டில்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் தேங்காய்ப்பட்டணம் அமைந்துள்ளது. ஆற்றுக்கு மேற்கே இரையுமன்துறை தொடங்கி நீரோடி வரையிலும், கிழக்கே முள்ளூர்த்துறை, இராமன்துறை, இனயம் எனவும் நீளும் மீனவ ஊர்களுக்கு நடுவில் இருக்கும் இவ்வூர்த் துறைமுகத்தில் பல வகைத் தொழில்களைச் சேர்ந்த படகுகளும் வள்ளங்களும் ஒரே நேரத்தில் கரையடைவதைக் காணலாம். இழுவை மடியும் செவுள் வலையும் ஏற்றிய பெரும்படகுகளின் அருகே, வலையே இல்லாமல், சுருட்டிய நரம்பும் சில ஈயக்கட்டிகளும் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டியும் மட்டுமே கொண்ட கண்ணாடியிழை வள்ளங்கள் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அவை வெறுமையாகத் தோன்றினாலும், இக்கடற்புறத்தின் மிக நுட்பமான தொழிலறிவு அவற்றில்தான் பயணம் செய்கிறது.

கைத்தூண்டில் என்பது, வள்ளத்திலிருந்து நேர்செங்குத்தாகக் கடலடிவரை நரம்பை இறக்கி, அதன் முனையிலுள்ள இரையையோ போலி இரையையோ கையால் சுண்டிச் சுண்டி அசைத்து, மீனைக் கடிக்கத் தூண்டிப் பிடிக்கும் முறையாகும். உலகின் வேறு பகுதிகளிலும் இதே முறை வெவ்வேறு தேவைகளுக்காக வளர்ந்துள்ளது. வட அமெரிக்காவின் ஆழமான நன்னீர் ஏரிகளில் ஏரி டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை இவ்வாறே பிடிக்கின்றனர். கோடையில் ஏரியின் மேல்நீர் வெதும்பி, கீழ்நீர் குளிர்ந்தே இருக்க, இரண்டும் கலவாமல் அடுக்குகளாக நிற்பதால் அம்மீன் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது என்பதும், அங்கே அதை எட்டுவதற்குக் கனத்த உலோகத் துண்டு ஒன்றை நேர்கீழாக இறக்கி ஆட்டுவதே எளிய வழி என்பதும் அம்முறையின் அடிப்படை. அங்கே மீனைக் கீழே நிறுத்துவது குளிர். தேங்காய்ப்பட்டணக் கடலிலோ பாறை. இக்கடற்புறத்தார் 'பார்' என்று அழைக்கும் கடலடிப் பாறைத் திட்டுகள், சுற்றிலும் மணலும் சேறுமாகக் கிடக்கும் தரையில் தீவுகளைப் போல அமைந்து, பாசியும் சிற்றுயிர்களும் பற்றி வளர இடம் தந்து, அவற்றைத் தின்னும் சிறுமீன்களையும் அவற்றை வேட்டையாடும் கலவா, விளமீன், பாறை போன்ற பெருமீன்களையும் தம்மிடம் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒரு பாரின் பரப்பு சிறிதாக இருக்கும்போது தூண்டில் சற்றே விலகினாலும் வெறும் சேற்றில் விழும் என்பதால், இத்தொழிலில் நேர்செங்குத்து என்பது கட்டாயமாகிறது.

ஆழத்தை அளக்கும் அலகு பாகம். இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை உள்ள நீளமே ஒரு பாகம். அது ஏறக்குறைய 6 அடி. நரம்பை இறக்கும்போதே கைவிரிப்பால் பாகங்களை எண்ணிக்கொண்டு வரும் தூண்டில்காரர், ஈயம் தரையில் தட்டிய கணத்தில் நரம்பு தளர்வதை விரலால் உணர்ந்து, பாறையிடுக்கில் முள் சிக்காதபடி ஒன்றிரண்டு பாகம் மேலே இழுத்து நிறுத்துவார். அதன் பின்னர் தொடங்குவதே உண்மையான வேலை. கையை விசையுடன் மேலே சுண்டியதும் இரை எழும்புகிறது. கையைத் தளர்த்தியதும் அது அடிபட்ட சிறுமீனைப் போலத் தள்ளாடிக்கொண்டு இறங்குகிறது. பெரும்பாலான கடிகள் இந்த இறக்கத்தில்தான் நிகழ்கின்றன. ஆனால் இறக்கத்தில் நரம்பு முற்றிலும் தொய்ந்துவிட்டால் கடி கைக்குத் தெரியாது, முற்றிலும் இறுகியிருந்தால் இரை இயல்பாக அசையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைச் சுட்டுவிரலின் உள்மடிப்பு மட்டுமே அறியும். பல்லாண்டுகள் இத்தொழில் செய்தவர்களின் சுட்டுவிரலில் நரம்பு ஓடிய தடம் காய்ப்பேறிக் கிடக்கும். வெட்டுப்படாமலிருக்க விரலில் ரப்பர் வளையம் அணிவோரும் உண்டு, ஆனால் ரப்பர் தடித்தால் உணர்வு மழுங்கும்.

முன்பு பருத்தி நூலை முறுக்கி, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துப் பதப்படுத்திய கயிறே பயன்பட்டது. தங்கூஸ் எனப்படும் ஒற்றையிழைச் செயற்கை நரம்பு வந்த பின்னர், நீரைக் கிழித்து இறங்கும் வேகமும் கைக்கு வந்துசேரும் உணர்வும் கூடின. ஈயத்தின் எடையைத் தீர்மானிப்பது ஆழமும் நீவாடும் ஆகும். நீவாடு என்பது கடல் நீரோட்டத்துக்கு மீனவர் வழங்கும் பெயர். அது வலுவாக ஓடும் நாளில் நரம்பு சாய்ந்து வில்லாக வளைந்துவிடுவதால், 30 பாக ஆழத்துக்கு 40 பாக நரம்பு விட்டாலும் ஈயம் தரை தொட்டதா என்பது தெரியாமல் போகும். அப்போது ஈயத்தைக் கூட்டலாம், அல்லது நீவாட்டின் மேற்புறத்தில் நங்கூரமிட்டு நரம்பு சாய்ந்து சென்று பாரின் மேல் விழும்படி கணக்கிடலாம். இரண்டும் ஒத்துவராத நாளில் அனுபவசாலிகள் நீவாடு அடங்கும்வரை காத்திருப்பார்கள். கச்சான் எனப்படும் மேல்காற்றும் கொண்டல் எனப்படும் கீழ்காற்றும் நீவாட்டோடு எவ்வாறு கூடும், எவ்வாறு முரணும் என்பதைக் கரையில் நின்றே கணிப்பது இக்காத்திருப்பின் ஒரு பகுதியாகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறைத் திட்டின் மேல் வள்ளத்தைத் துல்லியமாக நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் இத்தொழிலின் அறிவுச் சிகரம் எனலாம். கணியம் என்றும் கணிச்சம் என்றும் வழங்கும் இம்முறையில், கரையிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரமோ தனித்து உயர்ந்த பனையோ அதன் பின்னால் தொலைவிலுள்ள ஒரு மலைமுகட்டோடு ஒரே கோட்டில் அமையும்படி வள்ளத்தைச் செலுத்துகின்றனர். அக்கோட்டிலேயே முன்னும் பின்னும் நகர்ந்து, வேறொரு திசையில் மற்றொரு கோபுரமும் மற்றொரு முகடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் புள்ளியை அடைந்தால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்கு நேர்கீழே பார் இருக்கும். கரையையொட்டி மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வளவு நெருங்கி நிற்பது கன்னியாகுமரி மாவட்டக் கடற்புறத்தின் தனிப்பேறு. கணியத்துக்குத் தேவையான தொலைக்குறிகளை மலை வழங்க, அண்மைக்குறிகளை ஊர்கள் வழங்கின. ஈயத்தின் அடியில் ஒட்டிவரும் மணலையோ சேற்றையோ பார்த்துத் தரையின் தன்மையை உறுதி செய்வதும் உண்டு. நில அளவையாளர் முக்கோண முறையில் செய்வதற்கு இணையான இக்கணக்கை எழுத்தோ கருவியோ இன்றித் தலைமுறை தலைமுறையாக நினைவில் சுமந்து வந்தவர்களை 'படிக்காதவர்கள்' என்று குறிக்கும் வழக்கம் அறிவு என்பதன் பொருளையே குறுக்குகிறது.

பாரில் கிடைக்கும் மீன்களில் தலைமையிடம் கலவாவுக்கு உண்டு. பாறைப் பொந்தில் பதுங்கி வாழும் இம்மீன், இரையைக் கவ்விய உடனே பொந்துக்குள் திரும்பிச் செவுள்களை விரித்துக்கொண்டு இறுகிவிடும் என்பதால், கடித்த முதல் நொடியிலேயே இரண்டு மூன்று பாகம் இழுத்தெடுத்துவிட வேண்டும். அந்நொடியைத் தவறவிட்டால் நரம்பு பாறையில் அறுபடும். மேலே வரும் கலவாவின் வயிறு உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கியிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 60 மீட்டர் ஆழத்தில் ஏழு மடங்கு அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்றுப்பையின் வளி, மேலே வரும்போது அந்த அளவுக்கு விரிய முயல்கிறது. ஏரி டிரவுட்டின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு திறந்த குழாய் உள்ளதால் அது வளியை வாய்வழியே வெளியேற்றிக்கொண்டு மேலே வருகிறது. கலவாவுக்கு அக்குழாய் இல்லை. ஆகவே ஏரியில் பிடித்த மீனை அளவு பார்த்துத் திரும்ப விடுவது பயன் தருவதைப்போல, பாரில் பிடித்த கலவாவைத் திரும்ப விடுவது எளிதில் பயன் தராது. கலவா மெதுவாக வளர்வது. பெரும்பாலான இனங்களில் பெண்ணாக முதிர்ந்து பின்னரே ஆணாக மாறுவது. பெருமீன்களை மட்டும் தொடர்ந்து எடுத்துவந்தால் ஆண்மீன்கள் அருகிவிடும் என்பதையும் கருதும்போது, ஒரு பாரைச் சில காலம் தொடாமல் விட்டுவிடுவதே சிறந்த காப்பாகத் தோன்றுகிறது.

கணவாய்த் தொழில் வேறு வகையானது. இதற்குரிய போலி இரையில் கொக்கி முள் இராது. மேல்நோக்கிய ஊசிகள் மகுடம்போல் சூழ்ந்திருக்க, மினுங்கும் இழைகள் சுற்றப்பட்டிருக்கும். கணவாய் அதைக் கடிப்பதில்லை, கைகளால் தழுவுகிறது; தழுவிய கை ஊசியில் சிக்கியபின் நரம்பு ஒரு கணமும் தளராமல் ஒரே சீராக இழுக்கப்பட வேண்டும். ஏற்றுமதிச் சந்தை திறப்பதற்கு முன்பு மதிப்பின்றிக் கிடந்த இவ்வுயிர், பின்னர் பாரம்பரியத் தொழிலாளரின் வருவாய்க்கு ஒரு தூணாயிற்று. குளச்சல் பகுதியிலிருந்து கர்நாடகக் கடலுக்குப் பெயர்ந்து சென்ற தூண்டில்காரர்கள், தேங்காய் பறித்தபின் எஞ்சும் குலைக்கதிர்களைக் கட்டுக்கட்டாக மணல்மூட்டையுடன் கடலடியில் இறக்கிக் கணவாயைக் கூட்டும் முறையை அங்கே பரப்பியபோது உள்ளூர் மீனவர்களுடன் பூசல் மூண்டது. அக்கதிர்களை நாடி வந்தவை பெரும்பாலும் முட்டையிட வந்த முதிர்ந்த கணவாய்கள் என்பதையும், முட்டைகள் அக்கதிர்களிலேயே ஒட்டியிருந்ததையும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்துள்ளனர். கைத்தூண்டில் தன்னளவில் கடலுக்கு மென்மையான முறை என்பது உண்மையே; எனினும் இனப்பெருக்கத்துக்குக் கூடும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் அம்மென்மை நிலைக்காது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

குமரிமுனைக்குத் தெற்கே விரியும் வாட்ஜ் கரை என்னும் மேட்டுத்தரை கலவாவுக்கும் விளமீனுக்கும் பெயர்பெற்றது. 1976ஆம் ஆண்டு இந்திய – இலங்கை உடன்பாட்டின்படி அது இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்தின் தொடர்ச்சியாக இழுவைமடி இக்கரையெங்கும் பரவிய காலத்தில், அதற்கு மாற்றாகப் பாரம்பரியத் தொழிலாளருக்குப் பொருந்தும் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டும் முயற்சி பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே என்பவரின் துணையுடன் முட்டத்தில் நடந்தது. ஆற்றுக்கு மேற்கேயுள்ள தூத்தூர் பகுதியார் தூண்டிலைக் கைவிடாமல் அதையே பெருக்கினர்: நூற்றுக்கணக்கான முட்களைக் கோத்த ஆயிரங்கால் தூண்டிலோடு சுறா தேடி அரபிக்கடலின் ஆழத்துக்குச் சென்று, கொச்சியைத் தளமாகக் கொண்டு நாள்கணக்கில் கடலில் தங்கும் தொழிலாக அது வளர்ந்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களிலிருந்து பறித்துக்கொண்ட உயிர்களில் அத்தகைய ஆழ்கடல் தூண்டில்காரர் பலர் இருந்தனர். அவர்களோடு எத்தனை பார்களின் கணியங்கள் மூழ்கின என்பதற்குக் கணக்கில்லை.

இன்று செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி கணியத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. கருவியால் பார் எளிதில் கண்டடையப்படுகிறது. ஆனால் குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்ட பாரின் இடம் எண்களாகி ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் சில நொடிகளில் கடந்துவிடுவதால், எவராலும் சுரண்டப்படும் பொதுப்பொருளாக அது மாறுகிறது. இதைவிடக் கடுமையான இழப்பை இழுவைமடி விளைவிக்கிறது. கடலடியை உழுதுகொண்டு செல்லும் அம்மடி, தாழ்ந்த பார்களின் மேற்பரப்பில் பற்றியிருக்கும் உயிர்களைச் சிராய்த்து எடுத்துவிட்டபின், அங்கே மறுபடி கலவா வந்து தங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் மீனுக்கு இளைப்பாறுதல் தருகிறது. பாறைக்கு அது போதாது. பார்கள் நிறைந்த பகுதிகளை இழுவைமடிக்கு ஆண்டு முழுவதும் மூடிவிட வேண்டும் என்பதே தூண்டில் தொழிலின் நோக்கில் நியாயமான கோரிக்கை.

தேங்காய்ப்பட்டணத்தின் தெருக்களையும் வீடுகளையும் மனிதர்களையும் இவ்வூரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல்களில் நிலைநிறுத்தியுள்ளார். 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நெய்தல் நில வாழ்வைக் குறித்துப் பள்ளம் என்னும் ஊரைச் சேர்ந்த வறீதையா கான்ஸ்தந்தின் தொடர்ந்து எழுதிவருகிறார். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளை, முதிய மீனவர்களிடம் கேட்டறிந்த பார்களை நீருக்கடியில் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்துள்ளார். தேங்காய்ப்பட்டணத்துக்கும் தூத்தூருக்கும் முன்னாலுள்ள கடலடிக்கும் அத்தகைய பதிவு தேவை. ஒவ்வொரு பாருக்கும் ஊரார் வழங்கும் பெயர், அதன் ஆழம், அதன் கணியக்குறிகள், அங்கே எந்த மாதத்தில் எந்த மீன் கூடும் என்ற விவரம் ஆகியவற்றை இக்கடற்புறத்துக் கல்லூரி மாணவர்கள் தம் தாத்தாக்களிடம் அமர்ந்து கேட்டு, தமிழில், தாமதமின்றி எழுதிவைக்க வேண்டும்.