உடைக்கிறதுதாங்க என் வேலை!

“கம்பெனியில என்னடா பண்றே?”னு யார் கேட்டாலும் நான் சொல்ற பதில் இதுதான்: “காலையில பத்து ஃபைல்சிஸ்டத்தை உடைப்பேன். சாயந்தரம் அதெல்லாம் ஒழுங்கா ஒட்டிக்கிச்சானு பார்ப்பேன்!”

கடி ஜோக் இல்லை பாஸ், நிஜம். நான் இன்டர்ன்ஷிப் பண்ற கம்பெனி, ஆபீஸ்களுக்கு ஸ்டோரேஜ் பெட்டி தயாரிக்குது. உள்ளே ஓடுறது லினக்ஸ். அதுல ஃபைல்களை அடுக்கி வைக்கிறது எக்ஸ்ட்-4. 2008 கடைசியில லினக்ஸ் 2.6.28-ல முழுசா தயார்னு வந்தது. அது சிதைஞ்சா சரிபண்ற டாக்டர் பேரு ஈ2எஃப்எஸ்சிகே. அந்த டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறதுதான் என் வேலை!

நம்ம காலேஜ் லைப்ரரியை நினைச்சுக்கோங்க. புத்தகம் ரேக்குல இருக்கு. ஆனா அதோட கேட்டலாக் கார்டை எவனோ கிழிச்சுட்டான். புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதானே? டிஸ்க்லயும் அதே கதை. ஃபைலோட சைஸ், அது உட்கார்ந்திருக்கிற இடம் எல்லாம் ஐநோட்னு ஒண்ணுல இருக்கும். பேரு மட்டும் டைரக்டரியில. பேரு அழிஞ்சு ஐநோட் மட்டும் மிஞ்சினா, ரிப்பேர் கருவி அந்த அநாதை ஃபைலைத் தேடிப்பிடிச்சு லாஸ்ட்+ஃபவுண்ட்ங்கிற ஃபோல்டர்ல போட்டுடும். பேரு தெரியாததால ஐநோட் நம்பரையே பேரா வெச்சிடும். #12-னு ஒரு ஃபைல் வந்து நிக்கும். இப்படி மொத்தம் அஞ்சு ரவுண்டு செக்கிங். அநாதை ஃபைல் மாட்டுறது நாலாவது ரவுண்டுல.

சரி, பரீட்சை எப்படி? அரை எம்பி சைஸ்ல ஒரு குட்டி டிஸ்க் இமேஜ் செய்யணும். டீபக்எஃப்எஸ்னு ஒரு கருவி இருக்கு. அதுல ‘அன்லிங்க்’னு கட்டளை கொடுத்தா பேரை மட்டும் பிச்சு எறிஞ்சுட்டு, மத்த கணக்கை அப்படியே விட்டுடும். அவ்ளோதான், அநாதை ரெடி! அந்த இமேஜ்கூட ரெண்டு எதிர்பார்ப்பு ஃபைல் இருக்கும். முதல் தடவை ரிப்பேர் ஓடும்போது என்னென்ன சொல்லணும்னு ஒண்ணு. ரெண்டாவது தடவை ஓடும்போது ‘எல்லாம் சுத்தம்’னு சொல்லணும், அதுக்கு ஒண்ணு. முதல் தடவை எக்ஸிட் கோட் 1 (கோளாறு இருந்தது, சரிபண்ணிட்டேன்), ரெண்டாவது தடவை 0 (கோளாறே இல்லை). ஒரிஜினல் சோர்ஸ் கோடுக்கு உள்ளேயே இந்த மாதிரி நூத்துக்கணக்கான டெஸ்ட்டுகள் இருக்கு. யாராவது கோடைத் தொட்டா, அத்தனையும் மறுபடி ஓடும். நேத்து சரியா இருந்தது இன்னிக்குக் கெட்டுப்போச்சானு பார்க்கிறதுக்குப் பேருதான் ரெக்ரஷன் டெஸ்ட்.

கேட்க போரா இருக்குல்ல? எனக்கும் முதல் வாரம் தூக்கம்தான் வந்தது. ரெண்டாவது மாசம் தூக்கமே போச்சு!

ரிப்பேர் சீக்கிரம் முடியணும்னு எங்க டீம்ல கருவியைக் கொஞ்சம் மாத்தியிருந்தாங்க. அநாதை ஃபைல் காலியா இருந்தா, காப்பாத்தாம துடைச்சுடலாம். அதுல தப்பில்லை, ஒரிஜினல் கருவியும் காலி ஃபைலைத் துடைக்கும். ஆனா ‘காலியா, இல்லையா’னு பார்க்கிற இடத்தைச் சுருக்கி எழுதியிருந்தாங்க. சைஸ் பூஜ்யமா? அப்போ காலி. ஏற்கெனவே இருந்த டெஸ்ட் எல்லாம் பாஸ்.

ஐநோட்ல சைஸ் ரெண்டு துண்டா இருக்கும். கீழ் 32 பிட் ஒரு இடத்துல, மேல் 32 பிட் வேற இடத்துல. புது கோடு ரெண்டையும் பார்க்குதான்னு சோதிக்க, சரியா 4 ஜிபி சைஸ் போட்ட ஒரு ஃபைலை உருவாக்கினேன். (அரை எம்பி இமேஜ்ல 4 ஜிபி ஃபைலா? ஆமாங்க! நடுவுல ஓட்டை விட்ட ஃபைல். டேட்டா கொஞ்சூண்டு, சைஸ் மட்டும் பெருசு.) 4 ஜிபின்னா 4,294,967,296 பைட். கீழ் 32 பிட் மொத்தமும் பூஜ்யம்.

டெஸ்ட்டை ஓட்டினேன். கருவி ஃபைலைத் துடைச்சிடுச்சு. எக்ஸிட் கோட் 1. ரெண்டாவது ஓட்டம் 0. எல்லாம் சுத்தம்! பேஷன்ட்டே போய்ச் சேர்ந்தா காய்ச்சல் எங்கே இருக்கும்?

ரிலீஸுக்கு ரெண்டே நாள். டீம் லீட், “எதிர்பார்ப்பு ஃபைலை இப்போ வந்த மாதிரி மாத்திடு தம்பி. கரெக்டா 4 ஜிபிக்கு எவன் ஃபைல் வெச்சிருக்கப் போறான்?”னார். எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. இருபது வயசுப் பையன், பதினஞ்சு வருஷ அனுபவசாலிகிட்ட என்ன பேசுறது? போர்டுல எழுதினேன்: 4, 8, 12, 16, 20, 40. “சார், நாலின் பெருக்கல் எல்லாத்துக்கும் கீழ் 32 பிட் பூஜ்யம்தான். நம்ம கஸ்டமர் பெட்டியில விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் வைப்பாங்க. அதுக்கு என்ன சைஸ் கொடுப்பாங்க?”

பக்கத்து சீட் அக்கா மெதுவா சொன்னாங்க: “என் டெஸ்ட் மெஷினே 40 ஜிபி ரா இமேஜ்தான்.”

அதுக்கப்புறம் யாரும் பேசலை. லீட் போர்டையே ஒரு நிமிஷம் பார்த்துட்டு, “மாத்த வேண்டாம். கோடைச் சரிபண்ணுவோம்”னார். திருத்தம் ஒரே ஒரு வரி. ரிலீஸ் ஒரு நாள் தள்ளிப்போச்சு.

அன்னிக்குத் தெளிவா ஆன விஷயம் ரெண்டு. ஒண்ணு, எதிர்பார்ப்பை டெஸ்ட் ஓட்டுறதுக்கு முன்னாடியே யோசிச்சு நம்ம கையால எழுதணும். வர்ற பதிலை அப்படியே காப்பி பண்ணி ‘இதுதான் சரி’னு வெச்சா, அது டெஸ்ட் இல்லை, தப்புக்கு எடுத்த ஃபோட்டோ. ரெண்டு, ‘சரியாச்சா?’னு மட்டும் கேட்டா பத்தாது, ‘எதைத் தொலைச்சே?’னும் கேட்கணும். இப்போ என் டெஸ்ட்டுல மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு. ரிப்பேர் முடிஞ்சதும் ஃபைலை வெளியே எடுத்து, அதோட செக்சம் பழசோட ஒத்துப்போகுதானு பார்க்கும்.

நீங்களும் விளையாடிப் பார்க்கலாம். ஒரு லினக்ஸும் அரை எம்பி இடமும் போதும். சொந்த டிஸ்க்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. மவுன்ட் ஆகியிருக்கிற டிஸ்க்ல ரிப்பேர் ஓட்டவே கூடாது!

அடுத்த மாசம் காலேஜுக்குத் திரும்பிடுவேன். என் டெஸ்ட் மட்டும் அங்கே ராத்திரி ராத்திரி ஓடிக்கிட்டிருக்கும். என்னிக்காவது இன்னொருத்தர் அதே வரியைச் சுருக்க நினைச்சா, அது ‘ஃபெயில்’னு சொல்லும். யாரோ ஒருத்தரோட 40 ஜிபி தப்பிச்சுடும்!