தொண்டித் துறையில் ஒரு நாள்

செட்டிநாட்டில் கடல் இல்லை. ஆனால் கடல் வராத பெரிய வீடும் இல்லை. பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியச் சலவைக் கற்களும், பெல்ஜியம் கண்ணாடிகளும் கப்பலேறி வந்தவை. அவ்வீடுகளின் நிழலில் நடந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நாம், அவற்றைத் தேடிப் போனவர்கள் எந்தத் துறையில் ஏறினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்கு அண்மையிலுள்ள பழைய துறைமுகங்களுள் ஒன்று தொண்டி. தேவகோட்டை, திருவாடானை வழியே சென்றால் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான்.

சேரநாட்டுக் கடற்கரையிலும் ஒரு தொண்டி உண்டு. சங்கப் புலவர்கள் பெரிதும் பாராட்டியது அதனைத்தான். நம் தொண்டி பாண்டிநாட்டுத் துறை. தொண்டியோர் கலங்களில் அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் வந்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகிறது. அப்பொருள்களின் மணத்தைச் சுமந்த கீழைக்காற்று மதுரைக்குள் புகுந்ததாம்! அதனை வகுப்பில் படித்தபோது எழுந்த ஆவல், சென்ற தை மாதத்தில் நிறைவேறியது. நிறைவேறிய காரணம் வேறு.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள். அந்த வேலைக்குரிய அனுமதிச் சீட்டில் மனைவியை உடன் அழைத்துச் செல்ல இயலாது. எனக்கோ முதுகலை வரலாற்றுப் படிப்பு பாதியில் நிற்கிறது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் அது குறித்துப் பேசினார்கள். நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. “ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போய்வருவோமா?” என்று அவர் கேட்டார். “தொண்டிக்குப் போவோங்க” என்றேன்.

முதல்நாள் மாலையே பேருந்தில் திருவாடானைக்குச் சென்று சித்தி வீட்டில் தங்கினோம். விடியற்காலையில் இரண்டு மிதிவண்டிகளை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். ஒன்று சித்தப்பாவின் பழைய வண்டி; மற்றொன்று தங்கை பதினோராம் வகுப்பு படித்தபோது அரசு வழங்கியது. அதனை நான் எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெரியவர், “புருசனும் பொண்டாட்டியும் சைக்கிள்ல எங்கே பயணம்?” என்று சிரித்தார். என் அம்மா நினைவுக்கு வந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களுள் அவரும் ஒருவர். அன்று அவருக்கு வயது பதினான்கு. பாவாடை தாவணியோடு அவர் வண்டி ஏறியதை ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க ஒரே ஒரு பெரியவர்தான் இருந்தார். இதுவும் வரலாறுதானே!

திருவாடானை வட்டாரத்தை இராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். சாலையின் இருபுறமும் கதிர் சாய்ந்து அறுவடைக்குக் காத்திருந்தது. கண்மாய்களில் நீர் இன்னும் வற்றவில்லை. வாடைக்காற்று எதிரே வந்து முகத்தில் அடித்தது. ஒருவர் முன்னே சென்று காற்றைத் தாங்க, மற்றவர் பின்னே ஒட்டிச் செல்வதென்று முறைவைத்து மிதித்தோம். காற்றில் உப்பு மணக்கத் தொடங்கியபோது தொண்டி வந்துவிட்டது.

துறைமுகம் என்றதும் பெரிய கப்பல்களையும் பாரந்தூக்கிகளையும் எண்ணிச் செல்பவர்க்குத் தொண்டி ஏமாற்றமே தரும். மீன்பிடி படகுகள், வலை பழுதுபார்ப்பவர்கள், நண்டுக்கு விலை பேசும் பெண்கள், பள்ளிவாசலின் பாங்கோசை — இவைதாம் இன்றைய தொண்டி. பாக் நீரிணைக்கு அப்பெயர் 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரால் வந்தது. அதனை ஒட்டிய இந்த விரிகுடா ஆழம் குறைந்தது. அதனால் சிறு தோணிகளுக்கு உகந்தது. பெரிய கப்பல்களுக்கு ஆகாதது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இலங்கைப் பயணிகள் இரயிலை நாடினர். அந்தத் தனுஷ்கோடியையும் 1964ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று.

எங்கள் அம்மாச்சியின் பாட்டனார், நகரத்தார் ஒருவரின் கடையில் கணக்கெழுதுவதற்காகத் தொண்டியில்தான் இலங்கைக்குத் தோணி ஏறினார் என்பது வீட்டுப் பேச்சு. அக்காலத்தில் இதனைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்பார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வது வழக்கம். ஒரு தவணைக் கணக்கு மூன்று ஆண்டு. அதுவரை மனைவி ஊரில் இருப்பாள். கடல் கடந்தும் பொருள் தேடச் சொன்ன ஔவையின் வாக்கு ஆண்களைத் துறைமுகத்துக்கு அழைத்து வந்தது. பெண்களை நிலைவாசலில் நிறுத்திவிட்டது. அவர் மூன்று தவணை போய்வந்தார் என்று அம்மாச்சி பெருமையாகச் சொல்வார். அவருடைய மனைவி அந்த ஒன்பது ஆண்டுகளில் என்ன செய்தாள் என்பதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. படகுத்துறையில் நின்று இதனை என் கணவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மிதிவண்டியின் சங்கிலியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே காரங்காட்டுக்குச் சென்றோம். இப்போது காற்று முதுகில் இருந்தது. கோட்டக்கரை ஆறு கடலோடு சேரும் இடத்தில் அலையாத்திக் காடு அடர்ந்த மீனவர் கிராமம் அது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். ‘கயாக்’ என்னும் துடுப்புப் படகும் உண்டு. பனிசூழ் வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் சட்டம் கட்டி விலங்குத் தோல் போர்த்து வேட்டைக்குச் சென்ற படகு அது. இன்று நெகிழியில் செய்கிறார்கள். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்த நாம், அவர்களிடமிருந்து கயாக்கை வாங்கிக்கொண்டோம்.

மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, இருவர் அமரும் படகில் ஏறினோம். பத்து நிமிடம் படகு ஒரே இடத்தில் சுற்றியது. துடுப்போடு துடுப்பு மோதியது. வழிகாட்டியாக வேறொரு படகில் வந்த மீனவர், “தங்கச்சி, முன்னால இருக்கிறவங்கதான் தாளம். நீங்க போடுற போட்டைப் பார்த்து அவர் போடணும். திருப்புறது மட்டும் பின்னாடி இருக்கிறவர் வேலை” என்றார். அதன்பின் படகு நேரே ஓடியது.

இருபுறமும் சேற்றிலிருந்து அலையாத்தியின் மூச்சுவேர்கள் நட்டுவைத்த குச்சிகளைப்போல் நின்றன. சேற்றில் காற்று இல்லாமையால் அவ்வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து மூச்சு வாங்குகின்றன. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகின்றன. இலையின் அடிப்புறத்தை நாவில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. நாரைகள் அசையாமல் நின்றன. மீனவர் சொன்னார்: “கடலுக்குள்ள போனா எப்போ திரும்புவோம்னு வீட்ல சொல்ல முடியாதுங்க. எல்லை தாண்டிட்டோம்னு பிடிச்சுட்டா மாசக்கணக்காகும். இங்கே துடுப்பு போட்டா சாயங்காலம் பிள்ளைங்க முகத்தைப் பார்க்கலாம். வரும்படி கொஞ்சந்தான்.”

அவர் படகு சற்று முன்னே சென்றபின், என் கணவர் பின்னாலிருந்து பேசினார். “நான் போகணுமா, வேண்டாமா? நீ சொல்லு.” திரும்பிப் பார்த்தால் படகு ஆடும். ஆகவே முன்னே பார்த்தபடியே சொன்னேன்: “போய்வாங்க. ஆனா நான் காத்திருக்கப் போறதில்லைங்க. படிப்பை முடிப்பேன், அப்புறம் வேலைக்குப் போவேன். இரண்டு வருசத்துக்கு மேல ஒரு நாளும் நீட்டக்கூடாது. அதை இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்யணும்.” சிறிது நேரம் துடுப்பின் ஓசை மட்டும் கேட்டது. “சரி. நீ தாளத்தைப் போடு” என்றார்.

ஊர்ப் பெண்கள் சமைத்துத் தந்த நண்டுக் குழம்போடு உண்டுவிட்டு, எதிர்க்காற்றில் மிதித்துத் திருவாடானை வந்து சேர்ந்தபோது கோயிலில் மாலைப் பூசை மணி ஒலித்தது. அன்று மிதித்தது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கால் வலி மூன்று நாள் இருந்தது.

பங்குனியில் அவர் புறப்பட்டுச் சென்றார். கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய், இன்று இரவுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆயினும் பிரிவு பிரிவுதான். அதனை எந்தக் கருவியும் குறைத்துவிடாது. குறைப்பது, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்ற நினைவே.

நண்பர்களே! நம் வகுப்பில் பலருடைய தந்தையும் தமையனும் இன்றும் கடல் கடந்திருக்கிறார்கள். போனவர்களின் கணக்கைப் பேரேடுகள் எழுதி வைத்தன. இருந்தவர்களின் கணக்கை யாரும் எழுதவில்லை. வரலாறு படிக்கும் நாம் அதனைத் தொடங்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார்களிடம், “ஐயா அக்கரையில் இருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்போம். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். நான் எங்கள் அம்மாச்சியிடம் கேட்டு, இதுவரை நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.