மூன்று சக்கரமும் எங்கள் செம்மண் சடக்கும்

தாய்மாமன் ஆனவுடன் ஒருவனுக்கு ஊரில் மரியாதை கூடுகிறதோ இல்லையோ, செலவு கண்டிப்பாகக் கூடும். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி பல்கலைக்கழக விடுதிக்கு வந்து சேர்ந்த மறுநாளே, "மாமன் சீர் என்ன செய்யப் போற தம்பி?" என்று உறவுக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலமாக இருந்தால் ஒரு தொட்டிலும் வெள்ளிக் கொலுசும் போதும். இன்று தொட்டில் யாருக்கும் பெரிய காரியமில்லை. கூரைச் சட்டத்தில் கொக்கி மாட்டி, ஸ்பிரிங் கோத்து, பழைய கைலியைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. அக்கா கேட்டது தள்ளுவண்டி. அதிலும் எந்தத் தள்ளுவண்டி என்பதில்தான் எங்கள் வீட்டில் மூன்று வாரம் பேச்சு ஓடியது.

வண்டிதானே, எதையாவது வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் புரியும்.

அக்காவுக்குப் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முறை. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அந்த 98 நாள் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை எங்கள் அம்மாவிடம் வளரும். அம்மாவும் அப்பாவும் இருப்பது ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில். லயத்திலிருந்து தார்ச் சடக்குக்கு ஒன்றரை கிலோமீட்டர். அத்தனையும் செம்மண். குலை ஏற்றும் லாரிகள் இரண்டு பக்கமும் பள்ளம் போட்டு வைத்திருக்கும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல்லும் புழுதியும்.

தடுப்பூசி போட அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டுமானாலும், கடைக்குப் போக வேண்டுமானாலும், வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டுமானாலும் இந்த ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அம்மாவின் வலது தோள், பால் வாளிகளைத் தொங்கவிட்ட காண்டாக் கம்பை இருபது வருடத்துக்கு மேல் சுமந்த தோள். இப்போது அரிசி மூட்டையைத் தூக்கினாலே வலிக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு தூரம் நடப்பார்? வண்டி சரியாக அமையவில்லை என்றால் பாட்டியும் பேத்தியும் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அம்மா எங்களை வளர்த்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார். வரிசையாகத் தூளி கட்டிய நீண்ட கொட்டகை அது. ஆயாவின் அதட்டலும் பால் மாவு வாசமும் எனக்கு இலேசாக நினைவிருக்கிறது. 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசுகிறது. ஆனால் சட்டத்துக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டுமே! தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன.

விடுதியில் உட்கார்ந்து நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். மடக்கிக் குடை போல் தோளில் மாட்டிக்கொள்ளும் இலேசான தள்ளுவண்டியை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். விமானப் பொறியியல் தெரிந்தவர். அதனால் அலுமினியக் குழாயை நம்பினார். படிக்கட்டு, ரயில், விமானம் என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதன் சின்னஞ்சிறு சக்கரங்களுக்கு வழவழப்பான தரை வேண்டும். மூன்று சக்கர வண்டியின் கதை வேறு. 1984-இல் அமெரிக்காவின் யாகிமா நகரில் பத்திரிகையில் வேலை பார்த்த பில் பெக்லர் என்பவர், கைக்குழந்தையோடு ஓட்டப்பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டுத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். ஆக, இந்த வண்டி கடும் பாதைக்காகவே பிறந்தது. பேரங்காடிகளில் அதைப் பந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போவதெல்லாம் பிறகு வந்தது.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் மலாக்கா நகருக்குப் போனோம். அக்கா ஏற்கெனவே முகநூலில் பார்த்து ஒன்றை மனத்தில் வைத்திருந்தாள். நான்கு சக்கரம், வெளிர் சாம்பல் நிறம், ஒரு கையால் மடக்கலாம், தேநீர்க் கோப்பை வைக்க ஓர் இடம். கடையின் பளிங்குத் தரையில் அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. விற்பனைப் பெண் மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்கும் அக்காவுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்பாவும் கண்டுகொள்ளவில்லை, ஓரமாக நின்றிருந்த மூன்று சக்கர வண்டிகளின் டயர்களைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தள்ளுவண்டிக்கு மலாயில் 'கெரெத்தா சோரோங்'. தோட்டத்தில் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிக்கும் அதே பெயர்தான். ஒரு குலை 15 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். அப்படி நாலைந்தை அடுக்கி, மட்டைகளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே வண்டியைச் சாயவிடாமல் சடக்கோரம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அப்பாவின் தினசரி வேலை. எங்கள் குடும்பத்தில் தள்ளுவண்டி பற்றிப் பேசத் தகுதியானவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். நாங்கள்தான் கேட்காமல் இருந்தோம்.

"முன்னால ஒரே சக்கரம் இருந்தா ஒரே ஒரு தடம் பார்த்தா போதும்டா. பள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவுல நூல் பிடிச்ச மாதிரி போயிடலாம். ரெண்டு சக்கரம்னா ஒண்ணு தப்பிச்சாலும் இன்னொண்ணு விழும்," என்றார் அப்பா.

படிவம் நான்கில் பௌதிகத்தை மலாயில் படித்த எனக்கு அது வேறு வார்த்தையில் தெரியும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி வந்தால் அது தரையில் படலாம், படாமலும் போகலாம். நான்கு கால் மேசை மேடுபள்ளத்தில் ஆடும்; மூன்று கல் அடுப்பு எங்கே வைத்தாலும் ஆடாது. பாட்டிமார்களுக்கு இதெல்லாம் பௌதிகம் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஆனால் மூன்று சக்கரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. வண்டியின் இரு முன் மூலைகளிலும் தாங்க ஒன்றுமில்லை. வேகமாகத் திருப்பினாலோ சரிவில் குறுக்கே போனாலோ பக்கவாட்டில் கவிழும். ஆகவே பின்சக்கரங்களுக்கு நடுவே அகலம் வேண்டும். இருக்கை தாழ்வாக இருக்க வேண்டும். கைப்பிடியில் மார்க்கெட் பையை மாட்டினால் வண்டி பின்னால் மல்லாந்துவிடும் என்பது எல்லாத் தள்ளுவண்டிக்கும் பொது. முன்சக்கரம் சுழலும் வகையா, நேராகப் பூட்டும் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். சுழலும் சக்கரம் கடைக்குள் சுகம். கரடான பாதையில் பேரங்காடித் தள்ளுவண்டி மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் பூட்டு இருந்தால் நல்லது.

டயர் விஷயத்தில் அம்மாவும் அப்பாவும் ஒத்துப்போகவில்லை. நுரை அடைத்த டயர் பஞ்சர் ஆகாது. செம்பனை மட்டை முள்ளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். காற்று டயர் பஞ்சர் ஆகும், ஆனால் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். "முள்ளு குத்துனா நான் ஒட்டுறேன். பிள்ளைக்குக் கழுத்தே இன்னும் நிக்கல," என்று அப்பா முடித்துவிட்டார். இந்த வண்டிகளில் பரவலாக வரும் 12 அங்குலச் சக்கரத்துக்குச் சிறுவர் சைக்கிள் டியூப் பொருந்தும். ஜாசின் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

காற்று டயர் என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் காப்புரிமை பெற்றார். (தாம்சன் என்பவர் நாற்பது வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருந்தார், அது எடுபடவில்லை.) அதற்கு எட்டு வருடம் கழித்து, 1896-இல், நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். பிறகு மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது, எங்கள் பாட்டனார் கப்பல் ஏறினார். இதை நான் காரில் சொன்னபோது மச்சான் சிரித்தார். "அப்போ அந்தப் பையன் சைக்கிள் குலுங்காம இருந்திருந்தா நாம இங்க வந்திருக்க மாட்டோமா?" அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. ஆனாலும் அம்மா பால் வெட்டிய மரத்துக்கும் பேத்தியின் வண்டிச் சக்கரத்துக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

மறுபடியும் கடைக்கு வருவோம். அப்பா காட்டிய வண்டியை நான் தள்ளிப் பார்த்துத் தலையாட்டினேன். அவர், "தள்ளப் போறது நீயா, அம்மாவா?" என்றார். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. கைப்பிடி அவர் நெஞ்சுக்கு வந்தது. அந்த உயரத்தில் தள்ளினால் பாரம் முழுவதும் தோளில் விழும். முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் திரும்பும்போது கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். அதற்கும் கைப்பிடி இடுப்பருகே இருக்க வேண்டும். கைப்பிடியை ஏற்றி இறக்கும் வசதி பட்டியலில் கடைசி வரியாக எழுதப்பட்டிருந்தது. எங்களுக்கு அதுதான் முதல் வரி. அடுத்தது பிரேக். மிதித்தால் பூட்டும், விரல் நுனியால் மேலே தூக்கினால்தான் விடும் என்ற வகை ஒன்று இருந்தது. சிலிப்பர் போட்ட காலால் அதைத் தூக்கிப் பார்த்து அம்மா முகத்தைச் சுளித்தார். இரண்டுக்கும் மிதிக்கிற வகையே வேண்டும் என்று ஆனது. மடக்கினால் மைவி காரின் பின்பெட்டியில் அடங்குமா என்று விற்பனைப் பெண் மும்முரமாக விளக்கினார். தோட்டத்திலேயே நிற்கப் போகும் வண்டிக்கு அது எதற்கு?

இவ்வளவு நேரமும் அக்கா அந்தச் சாம்பல் நிற வண்டியின் கைப்பிடியை விடவில்லை. "என் பிள்ளையைத் தள்ளப் போறது நான் இல்லைன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து தோட்டத்துக்கு வர அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். குழந்தைக்குக் கவசமான ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட பெற்றவளுக்கு இல்லாமல் போகிறதே என்ற வருத்தம் அது. அம்மாதான் மெல்ல, "நீயும் வந்து தள்ளிப் பாரும்மா. லீவு நாள்ல நீதானே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ," என்றார். அக்கா வந்தாள். தள்ளினாள். பிறகு அவளே வார்களைப் பரிசோதித்தாள்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கவட்டில் ஒன்று என ஐந்து முனை வார் இல்லாத வண்டி வேண்டாம் என்றாள். இருக்கை ஏறக்குறையப் படுக்கையாகச் சாய வேண்டும் என்றும் அவள்தான் பிடிவாதமாக நின்றாள். ஓட்டத்துக்கான வண்டிகள் பலவற்றில் இருக்கை நிமிர்ந்தே இருக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு அது ஆகாது. ஆறு மாதமாவது ஆகாமல் குழந்தையை வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது என்கிறார்கள். "நான் ஓடப் போறேனாக்கும்!" என்று அம்மா சிரித்தார்.

கடை விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. செமஸ்டர் விடுமுறையில் நான் வேலை செய்து சேர்த்தது அதில் பாதிகூட இல்லை. இரண்டு வாரம் தேடி ஆயர் குரோவில் ஒரு சீனக் குடும்பத்திடம் பழைய வண்டி ஒன்றை 380 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். பழையதை வாங்குவோர் முன்சக்கரத்தின் பிடிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நெம்புகோலைத் திருப்பிச் சட்டென்று கழற்றும் வகைச் சக்கரம் ஓட்டத்தில் கழன்று விழுவதாக ஏறக்குறைய 200 புகார்கள் வந்த பிறகு, 2018-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு பிரபல நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. அப்பா அந்தச் சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, மாட்டி, வண்டியைத் தூக்கி நாலு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கச் சொன்னார். நிறம் கருநீலம். அக்காவுக்குப் பிடித்திருந்தது.

இப்போது வண்டி லயத்து வாசலில் நிற்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல், கொஞ்சம் தளர்வாகவே அப்பா காற்றடிக்கிறார். கைப்பிடியோடு சேர்ந்த பட்டையை அம்மா மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளாமல் நகர்வதில்லை. வெயிலுக்குத் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று நின்று சூடு ஏறும் என்று நான் சொன்னதற்காகக் கொசுவலை மட்டும் போடுகிறார். பத்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

அப்பாவுக்கு 58 வயது. 60-இல் ஓய்வு; ஓய்வு பெற்றால் வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். அப்போது குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியிருக்கும், தானே ஓடுவாள். மெர்லிமாவ் பக்கம் தாமானில் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் முன்னால் தார்ச் சடக்கு. அங்கே இந்த வண்டிக்கு வேலை இருக்காது. அதன் பிறகு யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேன். மேல் லயத்து மருமகளுக்கு இரண்டு மாதமாம். இப்போதே சொல்லி வைத்துவிட்டார்களாம்.