கைதூக்கி விட்ட கைகள்

இத்தாலி நாட்டு மிலான் நகரின் சான் சீரோ கால்பந்து அரங்கிற்கு 1980-ஆம் ஆண்டில் ஜுசெப்பே மெயாட்சா என்னும் வீரரின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய வரலாற்றைப் படிக்கப் படிக்க, அவரோடு இன்னொருவரையும் நாம் நினைக்க வேண்டியிருக்கிறது.

மெயாட்சா 1910-இல் மிலானில் பிறந்தார். ஏழு வயதிலேயே தந்தையை முதல் உலகப் போருக்குப் பறிகொடுத்தார். தாய் சந்தையில் பழம் விற்று மகனை வளர்த்தார். துணிப் பந்தை வெறுங்காலால் உதைத்துப் பழகிய சிறுவனை, உடல் மெலிந்தவன் என்று கூறி ஒரு கழகம் திருப்பி அனுப்பிவிட்டது. அப்பொழுது கைகொடுத்தது இன்டர் கழகம். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஆர்பாத் வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு யூதர். சுவரில் பந்தை மோதவிட்டு, இரு கால்களாலும் உதைக்கும்படி மணிக்கணக்கில் பழக்கினாராம். 1927-இல் பதினேழே வயதான மெயாட்சாவைப் பெரியவர்களின் அணியில் இறக்கினார். "குழந்தைகளையெல்லாம் சேர்க்கிறார்களே!" என்று மூத்த வீரர் ஒருவர் கேலி செய்தாராம். சிறுவனோ அன்றே கோல்கள் அடித்து விடை கூறினான்!

பின்னர் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? நாட்டிற்காக 53 ஆட்டங்களில் 33 கோல்கள். 1934-இலும் 1938-இலும் உலகக் கோப்பை. இரண்டாம் முறை அணித் தலைவரே அவர்தாம்.

அதே 1938-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைப் பிறப்பித்தது. கோப்பையைக் கொண்டாடிய நாடு, கோப்பை வென்ற வீரனை உருவாக்கியவரை வெளியேற்றியது. வைஸ் குடும்பத்துடன் பாரிசுக்கும், பின்னர் ஹாலந்துக்கும் சென்றார். 1942-இல் நாஜிகள் அவர்களைப் பிடித்தனர். புனித மாக்சிமிலியன் கோல்பே உயிரீந்த அதே ஆஷ்விட்ஸ் முகாமில், வைஸின் மனைவியும் இரு குழந்தைகளும் கொல்லப்பட்டனர். 1944 ஜனவரியில் அவரும் அங்கேயே மாண்டார். எத்தனையோ ஆண்டுகள் அவரை நினைப்பார் இல்லை.

ஆனால் அவர் இட்ட விதை வீண் போகவில்லை. 1949-இல் தூரின் நகரருகே நேர்ந்த விமான விபத்தில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் வாலன்டினோ மாட்சோலா இறந்தார். அவருடைய மகன் சாண்ட்ரோவுக்கு அப்பொழுது ஆறு வயது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, இன்டர் கழகத்தில் இளைஞரைப் பழக்கிவந்த மெயாட்சா, தந்தையற்ற அச்சிறுவனை அரவணைத்துப் பயிற்றுவித்தார். தாம் சிறுவயதில் பெற்றதை அவனுக்கு அளித்தார் எனலாம். 1964-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தவர் அந்தச் சாண்ட்ரோவே!

மெயாட்சா 1979-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரங்கில், 2012-இல் வைஸின் நினைவாகவும் ஒரு கல்வெட்டுப் பதிக்கப்பட்டது. மாணவனின் பெயரருகே ஆசானின் பெயர் இடம்பெற அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

தோழியரே, நம்மைக் கைதூக்கி விட்டவர்களுக்கு நன்றி சொல்ல நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா? நம் பெற்றோரும், அருட்சகோதரியரும், ஆசிரியைகளும் இன்று நம் கண்முன்னே இருக்கிறார்கள். இன்றே சொல்வோம். "இவளால் முடியாது" என்று ஒதுக்கப்பட்ட சின்னஞ்சிறு தங்கை ஒருத்தி நம் பள்ளியில் இருந்தால், அவளுக்கு நம் கையை நீட்டுவோம். நன்றிக்கு அதைவிடச் சிறந்த வடிவம் வேறில்லை.