அளவு என்பது தாளின் கூற்று

கல்வெட்டுப் படங்களின் அடியில் ‘அளவு 1:4’ என்று எழுதுவது நம் துறையின் பழைய வழக்கம். எபிகிராபியா இண்டிகா தொகுதிகளைப் புரட்டியவர்கள், தட்டுகளின் கீழே ‘நான்கில் ஒரு பங்கு’, ‘பாதி’ என்ற குறிப்புகளைக் கண்டிருப்பார்கள். அந்தக் குறிப்பு அச்சான அந்த ஒரு தாளை மட்டுமே பற்றியது. அதே பக்கத்தை மின்வருடி, சற்றுச் சுருங்கிய அச்சாக எடுத்துப் பாருங்கள். மூலத்தட்டில் 20 செ.மீ. இருந்த வரி இப்போது 15 செ.மீ. இருக்கும், குறிப்போ இன்னும் ‘நான்கில் ஒரு பங்கு’ என்றே சொல்லும். அதை நம்பிப் பெருக்கினால், 80 செ.மீ. வரி 60 செ.மீ. ஆகிவிடும்.

வரைவு மென்பொருளிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. எழுத்து வடிவங்களை அளந்து ஒப்பிடும் ஆய்வு என்னுடையது. மைப்படியின் ஒளிப்படத்தை, உடன் வைத்து எடுத்த அளவுகோலைக் கொண்டு உண்மை அளவுக்குப் பொருத்தி, ஆட்டோகேடில் எழுத்துகளைக் கோடுகளாக வரைந்து வருகிறேன். மாடல் ஸ்பேஸ் எனும் வெளியில் எல்லாம் 1:1. கல்லில் 40 மி.மீ. உயரமுள்ள எழுத்து அங்கும் 40 மி.மீ. தான். அச்சுக்கு உரிய தாளை லேஅவுட் என்ற பகுதியில் அமைக்கிறோம். அதில் வியூபோர்ட் என்ற சாளரங்களைத் திறந்து, ஒன்றில் கல்வெட்டு முழுவதையும் 1:4 அளவிலும், இன்னொன்றில் ஓர் எழுத்தை மட்டும் 1:1 அளவிலும் காட்டலாம். மூலம் ஒன்று, பார்வைகள் இரண்டு.

இந்தத் தாளைத் தனிக்கோப்பாக ஏற்றுமதி செய்ய ‘எக்ஸ்போர்ட்லேஅவுட்’ என்ற கட்டளை இருக்கிறது. லேஅவுட்டில் கண்ணுக்குத் தெரிவதை அது புதிய கோப்பின் மாடல் ஸ்பேஸில் கொண்டுபோய் வைக்கும். தோற்றம் அப்படியே இருக்கும், அளவு இராது. 1:4 சாளரத்தில் இருந்த 40 மி.மீ. எழுத்து, புதிய கோப்பில் 10 மி.மீ. உயரமுள்ள எழுத்தாகவே பிறக்கிறது. 1:1 சாளரத்தில் இருந்த அதே எழுத்து 40 மி.மீ. ஆகவே நிற்கிறது. முழுவதையும் நான்கு மடங்கு பெருக்கினால் கல்வெட்டு சரியாகும். தனியெழுத்து 160 மி.மீ. ஆகிவிடும். இரண்டையும் ஒருங்கே மீட்கும் ஒற்றை எண் கிடையாது. சாளரங்கள் இருந்தவரை எது எந்த அளவில் நின்றது என்ற தகவல் கோப்பிலேயே இருந்தது. ஏற்றுமதிக்குப் பின் சாளரங்கள் இல்லை, தகவலும் இல்லை.

இதை நான் முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று. ஹெப்பாளில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில், இங்குள்ள தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடும் கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் இருக்கிறார். “அக்கா, எங்க டிராயிங்ல ‘டூ நாட் ஸ்கேல்’னு போட்டிருப்போம். தாள் மேல ஸ்கேல் வச்சு அளக்கக் கூடாது, எழுதியிருக்கிற எண்ணைத்தான் நம்பணும். உங்க படத்துல எண்ணே இல்லையே, நீங்க எதை நம்புவீங்க?” என்றார்.

வேறுபாடு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பட்டறையில் எண் முந்தியது, வடிவம் பிந்தியது; பொருள் இனிமேல்தான் உருவாகப் போகிறது. நமக்கோ பொருள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. எழுத்தின் உயரத்தைக் கல்தச்சர் எங்கும் எழுதி வைக்கவில்லை. படத்தை அளப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிதாக இராது. “நான் நாளை இங்கே வருவேன்” என்பது நேர்கூற்று. அதை அயற்கூற்றாக்கினால், தான் மறுநாள் அங்கே வருவதாக அவன் சொன்னான் என்று ஆகும். நான், நாளை, இங்கே என்னும் மூன்றும் சேர்ந்து மாறவேண்டும். இரண்டு மாறி ஒன்று நின்றுவிட்டால் பொருள் பிறழும். லேஅவுட் ஏற்றுமதி இப்படிப் பாதியில் நின்ற அயற்கூற்று. வடிவங்கள் புதிய இடத்துக்கு ஏற்ப மாறிவிட்டன. ‘1:4’ என்ற எழுத்து மட்டும் பழைய இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. ஓர் ஆய்விதழ் என் படத்தைப் பத்தி அகலத்துக்குச் சுருக்கி, அடிக்குறிப்பைத் தொடாமல் வெளியிட்டது. அங்கே கூற்று மூன்றாம் முறை இடம் மாறிற்று.

இதைச் சிறு நுட்பச் சிக்கல் என்று விட்டுவிட முடியவில்லை. மைசூரில் இருந்துகொண்டு மைப்படிகளைப் பற்றி நினைக்காமல் இருக்க இயலாது. 1886இல் ஹூல்ச் பணியேற்ற காலத்திலிருந்து சேர்ந்து, 1966இல் உதகையிலிருந்து இங்கு வந்த தொகுப்பு அது. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்கு மாற்ற 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவை எங்கே இருக்கவேண்டும் என்று நாம் எல்லோரும் பேசினோம். அவற்றின் படிகளின் படிகள் எந்த அளவில் உலவுகின்றன என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. திருப்பணியின்போது மணல்வீச்சில் எழுத்து தேய்ந்த சுவர்கள் எத்தனையோ. அங்கெல்லாம் ஈரத்தாளைக் கல்லின்மேல் அடித்து, மையொற்றி எடுத்த அந்த 1:1 தாள்தான் எஞ்சிய சான்று. அதிலிருந்து நாம் வரையும் கோடு அளவை இழந்தால், திரும்பிப் போய் அளக்கக் கல் இராது.

ஆகவே வரைபடங்களைப் பகிரும் ஆய்வாளர்களுக்கு மூன்று பரிந்துரைகள்.

முதலாவது, அளவைப் பட்டையாக வரையுங்கள். விகிதமாக மட்டும் எழுதாதீர்கள். 10 செ.மீ. பட்டையை மாடல் ஸ்பேஸில் எழுத்தின் அருகிலேயே வரைந்தால், எழுத்து சுருங்கும்போது பட்டையும் சுருங்கும். ஒவ்வொரு சாளரத்துக்கும் உரிய பட்டை ஒன்று அதனுள்ளேயே தெரியவேண்டும்.

இரண்டாவது, பிறர் அளப்பதற்காகக் கோப்பை அனுப்புவதானால் லேஅவுட்டை ஏற்றுமதி செய்யவேண்டாம். மாடல் ஸ்பேஸில் உள்ளவற்றைத் தெரிவுசெய்து ‘டபிள்யூபிளாக்’ கட்டளையால் புதிய கோப்பாக எழுதினால் 1:1 அப்படியே நிலைக்கும். லேஅவுட் ஏற்றுமதி, தோற்றம் மட்டும் போதும் என்னும் இடத்துக்கு உரியது.

மூன்றாவது, ஏற்றுமதி செய்தே ஆகவேண்டுமென்றால் ஒரு தாளில் ஒரே அளவை வையுங்கள். அந்த அளவைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஓர் எண்ணால் மீட்கக்கூடிய கோப்பு, பத்தாண்டு கழித்தும் இன்னொருவருக்குப் பயன்படும்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள கோப்புகளில் ஒன்றைத் திறந்து, ஓர் எழுத்தை அளந்து, மைப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துவந்தால் மகிழ்ச்சி. ஒத்துவராவிட்டால், மூலக்கோப்பு கையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.