பணிவின் அளவு

கணிப்பொறி பயிலும் என் தம்பி சென்ற விடுமுறையில் நாகபுரிக்கு வந்தபோது ஒரு விந்தை சொன்னான். 1972இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் டான் உட்ஸ், ஜேம்ஸ் லயன் இருவரும், வேண்டுமென்றே குழப்பும் கணிப்பொறி மொழியொன்றை இயற்றினர், பெயர் இன்டர்கால். கட்டளைகளிடையே 'ப்ளீஸ்' என்னும் சொல் குறைந்தால், பணிவு போதாதென்று நிரல் தள்ளப்படும். மிகுந்தாலோ, பணிவு மிகையென்று தள்ளப்படும். இவ்விதியை முதற்கையேட்டில் குறிக்கவேயில்லையாம்!

தம்பி நகைத்தான். எனக்கு நகைப்பு வரவில்லை, அன்பர்களே. ஊரில் நோயுற்றிருக்கும் தாயாரிடம் செல்ல நான் எழுதிய மாற்றல் மனு, காரணம் கூறப்படாமலே இருமுறை திரும்பியிருந்தது. அன்றிரவு மூன்றாம் மனு எழுதினேன். 'தாழ்மையுடன்' என்பதை எத்தனை இடத்தில் இடுவது? நான்கு இட்டேன், பின்னர் ஒன்றை அடித்தேன். விடை இன்னும் வரவில்லை.